வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

டக்... டக்... டக்... கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் டக்.

மேடம், அந்தச் சத்தத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். போன நவம்பரில் முதல் தடவை கேட்டேன். இருட்டி வெகுநேரமாகிவிட்டது, மழைக்காலம், என் மகள் ரெனி தூங்கிவிட்டாள். மேல்வீட்டுக் கட்டில்கால் என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு கையில் செல்போன் டார்ச், இன்னொரு கையில் ஜெபமாலை, இரண்டையும் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றேன். மாமாவின் அறைக்குள்ளிருந்துதான் வந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. இருட்டில் யாரோ நடக்கிறார்கள், நடந்து நடந்து எதையோ தட்டுகிறார்கள். ஆனால் வெளியே தாழ்ப்பாள் போட்டது நான்தானே, உள்ளே மாமாவைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. அந்த மட்டுக்கும் தைரியம்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் நீங்க எழுதச் சொல்லியிருக்கீங்க. "வயசானவர் ரூமுக்கு வெளிய எதுக்கும்மா தாழ்ப்பாள்? நடந்ததை நடந்தபடி எழுதி நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆபீஸுக்குக் கொண்டா"ன்னு நாலு வெள்ளைத்தாளை டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் போனீங்க. பதில் சரியில்லை என்றால் விசாரணை, மாமாவை முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டி வரும் என்றும் சொன்னீங்க.  எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கணும். கான்வென்டில் ஆறு வருஷம் தொடர்ந்து கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

முதலில் ஒரு திருத்தம். உங்க படிவத்தில் 'பூட்டி வைத்தல்' என்று அச்சடித்திருக்கிறது. நான் பூட்டவில்லை மேடம். தாழ்ப்பாள்தான் போட்டேன். பூட்டு வேறு, தாழ்ப்பாள் வேறு. பூட்டு திருடனுக்கு. தாழ்ப்பாள் வீட்டு மனுஷருக்கு.

என் பெயர் பெர்னதெத். வயது இருபத்தொன்பது. ரெனி அப்பா அமலதாஸ் பஹ்ரைனில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. ரெனிதா யு.கே.ஜி. மாமா, அதாவது ரெனி அப்பாவின் அப்பா, பெயர் சவரிமுத்து, எழுபத்தாறு. ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீமேன் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தெரியாது. தண்டவாளத்தைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்பு ஒன்று உண்டு, அதற்குப் பெயர் கீ. ரயில் ஓட ஓட அது அதிர்ந்து கழன்றுவிடும். தினமும் ஒரு ஆள் தோளில் சுத்தியல் மாட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போய் ஆறு கிலோமீட்டர் வரணும். தட்டிப் பார்க்கணும். இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்குமாம், தளர்ந்திருந்தால் பொத்தென்று கேட்குமாம். அந்த ஆறு கிலோமீட்டருக்குப் பெயர் பீட்டு. மழை, வெயில், தேர்தல், கிறிஸ்துமஸ், எதுவானாலும் பீட்டு போயாகணும். முப்பத்துநாலு வருஷம் போயிருக்கிறார். அத்தை செத்த அன்றைக்கும், அடக்கம் முடித்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்து நடக்கப் போய்விட்டார். அப்போதே எனக்கு ஒரு பயம் தட்டியது. இது சாதாரண மனுஷர் செய்கிற காரியம் இல்லையே.

அத்தைக்குப் பிறகு எங்களோடு வந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் ஏற மாட்டார். "பொட்டிக்குள்ள நின்னுக்கிட்டு எதுக்கும்மா மேல போறது, காலு எதுக்கு இருக்கு?" என்பார். விடிய நாலரைக்குக் கிளம்புவார், ஏழு மணிக்கு வருவார். ரெனியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப் போவார். குறை சொல்லக் கூடாது, ஒருநாள்கூட லேட் இல்லை. ஆனால் நான் பால்கனியில் நின்று அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். எழுபது தாண்டிய மனுஷர் கையில் நாலு வயதுக் குழந்தை. எந்தத் தாய்க்கு நெஞ்சு பதறாது, சொல்லுங்க?

நடுவில் ஒருநாள், வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது, தானே பார்க்கிறேன் என்று அசோசியேஷன் ஆபீஸில் போய்க் கேட்டுவிட்டார். செக்ரட்டரி விருத்தகிரி சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, பையன் ஃபாரின்ல இருக்கான், அப்பா கேட்ல நின்னு கார் நம்பர் எழுதினா நம்ம பில்டிங்குக்கு அசிங்கம் இல்லையா? இந்த வயசுல மனுஷன் ரெஸ்ட் எடுக்க வேணாமா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "ஏன் மாமா இப்படி மானத்தை வாங்குறீங்க?" என்று கேட்டேன். "நின்னா மானம் போயிருமா?" என்றார். அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார்.

எங்கள் குடியிருப்பு பெரியவர்களை மதிக்காத இடம் என்று நீங்க நினைத்துவிடக் கூடாது. போன அக்டோபர் ஒன்றாம் தேதி முதியோர் தினத்தை எப்படிக் கொண்டாடினோம் தெரியுமா? வரவேற்புரை நான்தான் எழுதினேன், நான்தான் வாசித்தேன். லிஃப்டுக்குள் போஸ்டர் பார்த்தீங்களே, 'முதுமை என்பது ஓய்வு அல்ல, இயக்கம்!' என்று, கீழே உங்க முதியோர் உதவி எண்ணோடு? அந்த வரி என்னுடையது. அந்த எண்ணையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னது நான்தான், பெரியவர்களுக்குக் கண் தெரியாதே என்று.

எலுமிச்சை-ஸ்பூன், இசை நாற்காலி, எல்லாம் வைத்தோம். எழுபதுக்கு மேல் நடைப்போட்டி. பார்க்கிங்கைச் சுற்றி மூன்று சுற்று. மாமா மற்றவர்கள் முதல் சுற்றை முடிப்பதற்குள் மூன்றையும் முடித்தார். முடித்தவர் நிற்கவில்லை, அப்படியே கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பரிசைக் குடுக்க பஸ் ஏறிப் போகணும் போலிருக்கே!" என்று விருத்தகிரி சார் மைக்கில் சொன்னார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்து சால்வை போட்டு, 'சுறுசுறுப்பான மூத்த குடிமகன்' என்று பட்டம் கொடுத்து, பரிசும் கொடுத்தோம். நல்ல கைத்தடி. வெள்ளிப்பூண் போட்டது. மாமா அதை ஒரு மாதிரி பார்த்தார். "நடந்ததுக்குக் கம்பா?" என்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. எனக்கு மானமே போயிற்று.

மூன்று வாரம் கழித்து அந்த வீடியோ வந்தது.

நீங்களும் பார்த்திருப்பீங்க, எல்லா குரூப்பிலும் சுற்றியது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் நடுவில் மாமா உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு கருங்கல். தண்டவாளத்தின் ஓரத்தில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். நாலு பேர் ஓடிப்போய்த் தூக்குகிறார்கள். "விடுங்கடா, ஒண்ணு எகிறி நிக்குது, இன்னும் ஒரே அடி" என்று கத்துகிறார். யாரோ இரண்டு பையன்கள் எடுத்தது. கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'மருமகள் கொடுமை தாங்காமல் ரயில் முன் பாய வந்த முதியவர்.' மேடம், நான் அன்றைக்கு அவருக்குக் காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

ஆப்பு எகிறி நின்றதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அதைப் போய் யார் பார்த்தார்கள்? ஓய்வு வாங்கிப் பதினாறு வருஷமாகிவிட்டது, அது இனி அவர் வேலையா? ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தபோது, "மாமா, ரயில் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அழுதேன். "அது வர்ற நேரம் எனக்குத் தெரியாதா?" என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ரெனி அப்பா ராத்திரி போன் செய்தார். "ஆபீஸ்ல எல்லாரும் எனக்கே அனுப்புறாங்க பெர்னத். அப்பாவை வெளிய விடாத. நான் லீவுல வந்து பாத்துக்கறேன்." இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அது அவர் தப்பு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அசோசியேஷனில் மூத்தோர் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். எழுபது முடிந்தவர்கள் துணை இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. துணையோடு போனாலும் நோட்டில் கையெழுத்து. அறை, பாத்ரூம் கதவுகளில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும், விழுந்துகிழுந்து வைத்தால் கதவை உடைக்க வேண்டி வரும். விருத்தகிரி சாருக்கு அப்போது அறுபத்தொன்பது. ஜனவரியில் அவருக்கு எழுபது முடிந்தது. அதே மாதம் விதியையும் எழுபத்தைந்தாக உயர்த்தினார்கள், இப்போதெல்லாம் மனுஷர் ஆயுசு கூடிவிட்டது என்று. மாமா எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார், என்ன செய்வது.

கார்ப்பென்டர் வந்து மாமா அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு, "நல்ல பித்தளைம்மா, இதை என்ன பண்ண?" என்று கேட்டார். வீணாக்குவானேன் என்று வெளிப்பக்கம் போடச் சொன்னேன். ரெனிக்கு எட்டாத உயரத்தில், மேலே. அவள் கையை நசுக்கிக்கொள்ளக் கூடாதில்லையா? எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

எடுத்த எடுப்பில் எந்நேரமும் போட்டு வைத்தேன் என்று நினைக்காதீங்க. முதலில் ரெனியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர இருபது நிமிஷம். அப்புறம் நான் குளிக்கிற நேரம். அப்புறம் ராத்திரி, நாலரைக்கு எழுந்து கிளம்பிவிடுகிறாரே, எனக்கு அந்நேரம் எழுந்திருக்க முடியாது, பகல் முழுக்க ஒண்டியாகப் பாடுபடுகிறவள். அப்புறம் மத்தியானம் ஒரு மணிநேரம் கண் அசர. சாப்பாட்டுக்குத் திறப்பேன், பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, மாதாப் படம் இருக்கிறது. எங்கள் கான்வென்ட் ஹாஸ்டலில் ஆறரைக்கு மணி அடித்து வெளிக்கதவைச் சாத்துவார்கள். சிஸ்டர் இம்மாகுலேட் சொல்வார்கள், "யாரை நேசிக்கிறோமோ அவங்களுக்குத்தான் கதவைச் சாத்துறோம்." ஏழு வருஷம் இருந்தேன். நான் செத்தா போனேன்? இதோ உங்களுக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

அந்த ராத்திரி தாழ்ப்பாளைத் திறந்து விளக்கைப் போட்டேன். மாமா சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, நடந்துகொண்டிருந்தார். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஏழு டைல்ஸ். ஒவ்வொரு டைல்ஸிலும் நின்று பரிசுத் தடியால் ஒரு தட்டு. ஜன்னலில் திரும்பி அடுத்த வரிசை. தடியின் அடிரப்பரைக் கழற்றிப் போட்டிருந்தார், ரப்பர் இருந்தால் சத்தம் காட்டாதாம்.

"என்ன மாமா இது?"

"பீட்டும்மா."

"மணி என்ன ஆகுது?"

"நாலு கிலோமீட்டர் ஆச்சு. இன்னும் ரெண்டு. நீ போயித் தூங்கு."

அன்றைக்கு நான் தூங்கவில்லை மேடம். ஒரு மனுஷர் புத்தி பேதலித்து அடுத்த அறையில் இருக்கும்போது குழந்தையை வைத்திருக்கிறவள் எப்படித் தூங்குவாள்? மறுநாளிலிருந்து ராத்திரியோடு பகல் முழுக்கவும் தாழ்ப்பாள் போட வேண்டியதாகிவிட்டது. தடியில் துணி சுற்றினேன், அவிழ்த்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். ரெனிக்கு மட்டும் குஷி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து ஸ்பூனால் தட்டுவாள். உள்ளே அவர் ஒரு தட்டுத் தட்டுவார். "தாத்தா, இது டைட்டா, லூஸா?" "லூஸு. இன்னொரு அடி குடு." ஒரு மணிநேரம் இப்படியே. ஹோம்வொர்க் கெட்டுப்போகிறது என்று ஸ்பூனைப் பிடுங்கி வைத்தேன். அதற்கப்புறம் மாமா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரலுக்குப் பிறகு சத்தமும் குறைந்தது. நாலு வரிசை, மூன்று வரிசை, இரண்டு. சரியாகி வருகிறார் என்று சந்தோஷப்பட்டேன். ரெனி அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

உங்களுக்குப் புகார் போனது ஆரோக்கியம் போனிலிருந்து என்று சொன்னீங்க. ஆரோக்கியம் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறது, துணி துவைக்கிறது. வயது அறுபத்தெட்டோ எழுபதோ, அதற்கே தெரியாது. இந்தக் கட்டடத்தில் ஐந்து வீடு பார்க்கிறது. வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்பதால் படியில்தான் வரும், மொட்டைமாடிக்கு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு இரும்பு. ஒருநாள் என்னிடமே கேட்டது, "பாப்பா, எளுபதுக்கு மேல தனியா போகக் கூடாதுன்னு கேட்டுல எளுதிப் போட்ருக்காமே, அப்ப நாளையிலேர்ந்து எனக்குத் தொணைக்கு யாரு வருவா?" கிண்டல். நான் சிரித்துவிட்டேன். அது சீனியர் சிட்டிசனா என்ன!

அது போனைக் கொடுத்த நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மே மாதம், திண்டுக்கல்லில் என் சித்தி மகள் கல்யாணம். காலை ஆறுக்குப் போய் ராத்திரி எட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள். ஒரே நாள். சாம்பார் சாதம், தயிர் சாதம், பிளாஸ்கில் காபி, இரண்டு பாட்டில் தண்ணீர், எல்லாம் உள்ளே வைத்துவிட்டுத்தான் போனேன். நல்ல பிளாஸ்க், ரெனி அப்பா பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகும் என்று எனக்குத் தெரியுமா? பத்து மணியிலிருந்து நாலு மணிவரை கரண்ட் இல்லையாம். ஆரோக்கியத்திடம் வீட்டுச்சாவி ஒன்று உண்டு, மத்தியானம் துணி எடுக்க வந்திருக்கிறது. உள்ளே தட்டுகிற சத்தம். எப்போதும்போல அளந்து தட்டவில்லையாம், தாறுமாறாகத் தட்டினாராம். அதற்கும் தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறித் திறந்திருக்கிறது. மாமா தரையில் கிடந்தாராம். சட்டையெல்லாம் நனைந்து, பாட்டில் காலி.

நான் வந்தபோது எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. "என்ன ஆரோக்கியம், இவ்வளவு நேரம் போகாம இருக்க?" என்றேன். "சும்மாத்தான் பாப்பா. பெரியவருக்கு ஒரு போன் பேசணும்னாரு, குடுத்தேன்" என்றது. மகனோடு பேசியிருப்பார் என்று நினைத்தேன். லிஃப்டில் ஏறவே ஏறாத மனுஷர். லிஃப்டுக்குள் இருக்கிற போஸ்டரின் எண் எப்படித் தெரிந்தது? யோசித்துப் பார்த்தேன். முதியோர் தினத்துக்கு முன்னால் எங்கள் டைனிங் டேபிளில் வைத்துத்தானே நான் அதை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து தாளின் நுனி சுருளாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, இன்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் நான் பார்த்ததையும் எழுதணும்.

நீங்க மாமா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, "ஐயா, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றீங்க. அவர் என்னைப் பார்க்கவில்லை. "கீழ வரைக்கும் நடக்கணும்" என்றார். அவ்வளவுதானா என்று எனக்கே தோன்றியது. என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

சட்டை போட்டார். தலை வாரினார். தடியை எடுக்கவில்லை. அறையைத் தாண்டினார், ஹாலைத் தாண்டினார், வராந்தாவில் லிஃப்டுக்கு முன்னால் நின்றவர் படிப்பக்கம் திரும்பினார். நீங்க பின்னால், நான் ரெனியைப் பிடித்துக்கொண்டு உங்க பின்னால். ஒரு படி. கைப்பிடியைப் பிடித்தார். இரண்டாவது படி. தொடை வெடவெடவென்று ஆடியது, வேட்டி ஆடுகிற அளவுக்கு. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டியை விலக்கி முழங்காலுக்குக் கீழே பார்த்தார். குச்சி மாதிரி இருந்தது. யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைத்துவிட்டுப் போன காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பீட்டு விட்டுப்போச்சும்மா" என்றார். உங்களிடம்தான் சொன்னார்.

ரெனி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முழங்காலில் விரலால் தட்டினாள். "தாத்தா, இது லூஸா?"  நீங்க கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன் மேடம். ஒரு பெண்ணுக்குத்தான் இன்னொரு பெண்ணின் கஷ்டம் புரியும் என்று அப்போது நினைத்தேன்.

இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்? இரண்டு படி இறங்க முடியாத மனுஷர். இவரை வெளியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்க கண்ணாலேயே பார்த்தீங்க. இதைத் தயவுசெய்து உங்க படிவத்தில் எழுதிக்கொள்ளணும்.

அதற்கப்புறம் நீங்க ஏன் அப்படிக் கோபப்பட்டீங்க என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கார்ப்பென்டரைக் கூப்பிட்டு வெளித்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னீங்க. அதே தாழ்ப்பாளை அறைக்கு உள்ளே, மாமா கைக்கு எட்டுகிற உயரத்தில் போடச் சொன்னீங்க. "கதவு அவரோடது" என்றீங்க. கீழே விருத்தகிரி சாரிடமும் பேசிவிட்டுப் போனீங்களாம். உடனே எனக்குப் போன் செய்தார். "பாதுகாப்பு விதி பொதுவா போட்டதும்மா, யாரையும் உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போடச் சொல்லி நாங்க தீர்மானம் போடலை. உன் வீட்டு விஷயத்துல அசோசியேஷனை இழுக்காத." அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவள் நான்தான்.

நீங்க போனதிலிருந்து நான் ஹாலை விட்டு நகரவில்லை. ரெனியை எங்கள் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். மாமா அறைக்கதவு எந்நேரமும் திறக்கும், அவர் எந்நேரமும் வெளியே வருவார், நாலரைக்குக் கிளம்புவார், படியில் உருளுவார், காலையில் இன்னொரு வீடியோ. வெளிவாசலை இரட்டைப்பூட்டாகப் பூட்டிச் சாவியை ரெனி தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது நீங்க சொன்ன கதவு இல்லையே மேடம். வாசல்கதவை எல்லாரும்தானே பூட்டுகிறார்கள்.

இதுவரைக்கும் எழுதியபோது மாமா அறையில் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் இருந்தது. காலைத் தேய்த்துத் தேய்த்து வந்துகொண்டிருந்தார். ஒரு டைல்ஸ். வெகுநேரம் கழித்து இன்னொன்று. கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். மூச்சு எனக்குக் கேட்டது. நான் இந்தப் பக்கம். பழக்கத்தில் என் கை தானாக மேலே போனது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை, விரலுக்கு மரத்தூள் ஒட்டியது.

"மாமா, ஏதாச்சும் வேணுமா?"

 பிறகு தடியின் பூணால் தட்டினார். டைல்ஸை இல்லை. தாழ்ப்பாளின் திருகாணியை. டக். அடுத்ததை. டக். மூன்றாவது வேறு மாதிரி கேட்டது, பொத்தென்று. எனக்கே தெரிந்தது மேடம், அந்த வித்தியாசம். அவர் நின்றார். ஏதோ காசையோ நகத்தையோ வைத்துத் திருகுகிறார் போல, கறக் கறக் என்று கேட்டது. மறுபடி தட்டினார். இப்போது கணீரென்றது. நாலாவது. டக்.

"மாமா, திறந்தே இருக்கட்டுமே. உங்களுக்கு உள்ள ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா நான் எப்படி வருவேன்? எனக்குப் பயமா இருக்கு மாமா."

எத்தனையோ நாளைக்கப்புறம் என்னோடு பேசினார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"வேணும்னா நான் கூப்புடுறேன். நீ போயித் தூங்கு."

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.